நூற்று நாற்பது

முதுகு தோற்கவில்லை.
தொடை தோற்கவில்லை.
முழங்காலைத் தாண்டிய இடத்தில்
வலக்கைச் சுண்டுவிரல்
கதவைப்போல் மெல்லத் திறந்தது.
அடுத்து மோதிர விரல்.
அடுத்து ஈசூன் உடற்பயிற்சிக்கூடம் மொத்தமும்
திரும்பிப் பார்த்தது.

ஒரு பக்கம் மூன்று வட்டு, மறுபக்கம் மூன்று,
நடுவில் இருபது கிலோ கம்பி.
விழுந்த சத்தத்துக்கு முகப்பிலிருந்து
மிஸ்டர் கோ எழுந்து வந்தார்.
"மெதுவா லா. கீழ பூப்பந்து ஆடுறாங்க."

சாக் பொடிக்கு இங்கே தடை.
நான்கு மொழியிலும் ஒட்டியிருக்கிறார்கள்.
தமிழில் மட்டும் 'சுண்ணாம்பு பயன்படுத்தாதீர்',
வெற்றிலை மெல்லுகிறவளை
விரட்டுவதுபோல.
பொடி இல்லாத உள்ளங்கை
மழைக்குப் பிந்திய மூன்று மணிக்கு
ஒரு சின்னக் குளம்.

பகலில் பேருந்து ஓட்டுகிறேன்.
ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காதே,
முட்டையைப் பிடிப்பதுபோல் பிடி என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
எட்டு மணி நேரம் முட்டை,
பிறகு நூற்று நாற்பது கிலோ.
எந்தக் கைக்குத்தான் குழப்பம் வராது.

ஃபதிலா ஒரு கையைத் திருப்பிப் பிடிக்கிறாள்:
ஒன்று கொடுப்பதுபோல், ஒன்று வாங்குவதுபோல்.
அவளுக்கு அது போதும்.
எனக்கு வாங்குகிற பக்கத்துத் தோள் நோகிறது,
பழக்கமில்லை போலிருக்கிறது.

அதனால் கொக்கிப் பிடி.
முதலில் கட்டைவிரல் கம்பியைச் சுற்றும்.
அதன்மேல் ஆள்காட்டியும் நடுவிரலும்
ஏறி உட்காரும்.
கட்டைவிரல் வேறொன்றும் செய்யவேண்டாம்,
நசுங்கிக் கிடந்தால் சரி.
முதல் வாரம் கோப்பையின் காதைக்கூடத்
தொட முடியவில்லை.
"அப்படின்னா சரியாத்தான் பிடிக்கிற" என்றாள் ஃபதிலா
இரக்கமே இல்லாமல்.

இரவில் அரிசி வாளி.
பொன்னிக்குள் மணிக்கட்டுவரை புதைத்து
விரல்களை விரிப்பேன்.
மூடுகிற கைக்குத் திறக்கிற பலமும் வேண்டும்.
"இந்த அரிசியையா சமைக்கப்போற?"
நெடுமாறன் கேட்டார்.
இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உடும்புப் பிடி என்கிறோம்.
மதிய இடைவேளையில் கால்வாய் ஓரம்
தினமும் ஓர் உடும்பைப் பார்க்கிறேன்.
எதையும் பிடித்திருக்கவில்லை.
சிமெண்டில் வயிற்றைப் பரப்பி
வெயில் காய்கிறது.
நகம்கூடத் தளர்ந்துதான் இருக்கிறது.

இதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று
பணிமனையில் கேட்டார் பரிமளா.
கம்பியைப் பிடித்திருக்கிறது என்றேன்.
பதில் சொன்னேனா, கேலி செய்தேனா என்று
அவருக்கும் தெரியவில்லை,
எனக்கும்.

செவ்வாய். மழை. ஃபதிலா வரவில்லை.
கம்பி முன்னங்காலை உரசும் தூரம்.
உள்ளங்கை நடுவில் வைத்தால்
தோல் மடிந்து கிழியும், விரலின் வேரில் வை.
கட்டைவிரல். மேலே இரண்டு.
அக்குளில் நாளிதழ் இடுக்கியதுபோல் தோளை இறுக்கு.
இழுக்காதே,
தரையைத் தள்ளு.
மூச்சு.

முழங்கால் வந்தது.
போனது.
சுண்டுவிரல் யோசித்தது.
நான் நிமிர்ந்து நின்ற பிறகும்
யோசித்துக்கொண்டே இருந்தது.
இறக்காமல் ஐந்துவரை எண்ணினேன்.
பூப்பந்துக்காரர்கள் பாட்டுக்கு
ஆடிக்கொண்டிருந்தார்கள்.
சத்தமில்லாமல் வைத்தேன்.
ஆகவே யாரும் திரும்பவில்லை.

புதன். விடியுமுன் நாலே முக்கால்.
வருகைப்பதிவுக் கருவியில்
கட்டைவிரலை வைத்தேன்.
அடையாளம் தெரியவில்லை என்றது.
சட்டையில் துடைத்து வைத்தேன்.
தெரியவில்லை.
ரேகை இருந்த இடத்தில்
கம்பியின் சொரசொரப்பு
கட்டம் கட்டமாய்ப் பதிந்திருந்தது.
பின்னால் வரிசை நீண்டது.
யாரோ கொட்டாவி விட்டார்கள்.

இடக்கை ஆள்காட்டியை நீட்டினேன்.
தவமலர் என்று
ஒத்துக்கொண்டது.

இருக்கையைச் சரிசெய்து,
கண்ணாடியைத் திருப்பி,
ஸ்டீயரிங்கில் கைவைத்தேன்.
முட்டை.